குழல்வாய்மொழி வீட்டுக் காலிங் பெல்

நெல்லிமேட்டில் அந்த வருஷத்துச் சாரல் இறங்கிய பகலில்தான் குழல்வாய்மொழி வீட்டுக் காலிங் பெல் பேசத் தொடங்கியது. அதற்கு முன்னால் அது எல்லா வீட்டுப் பெல்லையும் போலக் குருவிக் குரலில் கத்திக்கொண்டிருந்தது. அதற்கும் முன்னால், அவள் புருஷன் சங்கரலிங்கம் இருந்த காலத்தில், கிர்ரென்று பல் கூசும்படி ஒரு சத்தம் போட்டது. அதற்கும் முன்னால் பெல்லே கிடையாது, வருகிறவர்கள் வாசலில் நின்று உள்ளே இருப்பவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், உள்ளே இருப்பவர்களும் குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு அடுப்படியில் இருந்தபடியே வா என்பார்கள்.

எங்கள் ஊர் குற்றாலத்துக்குப் பக்கம்; ஆட்டோவில் ஏறினால் பாட்டு ஒன்று முடிவதற்குள் அருவிக்குப் போய்விடலாம். சீசன் வந்துவிட்டால் எங்கள் வீடு எங்களுக்குக் கிடையாது. மாடியை, முன்னறையை, சில வீடுகளில் அடுப்படி நீங்கலாக எல்லாவற்றையும் குளிக்க வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு, நாங்கள் பின்பக்கம் பாயை விரித்துக்கொண்டு, அவர்கள் காயப்போட்ட ஈரத்துண்டுகளுக்குக் கீழே குனிந்து குனிந்து நடமாடுவோம். எதிர்வீட்டுக் குழல்வாய்மொழி மதினி தனிக்கட்டை. புருஷன் போன பிறகு மாடியில் அறைகளைக் கட்டி, செல்போன் ஆப்பில் போட்டோவெல்லாம் ஏற்றி, நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். சுத்தக்காரி, வாய்த்துடுக்குக்காரி, யாரையும் எளிதில் நம்பாதவள்.

நம்பாததற்குக் காரணமும் உண்டு. முந்தின சீசனில் ஜெபராஜ் என்ற பேரில் ஆதார் கார்டு கொடுத்துத் தங்கிய ஒருவன் போகும்போது டி.வி.யையும், கீசரையும், எதற்கென்று இன்றுவரை எங்களுக்கு விளங்காத வகையில் குளியலறைக் கதவையும் கழற்றிக்கொண்டு போனான். விசாரித்தால் கார்டிலிருந்த ஜெபராஜ் தூத்துக்குடியில் படுத்த படுக்கையாய்க் கிடக்கிற ஒரு பெரியவர்.

"கார்டை மட்டும் பாத்தா போதாதும்மா, ஆளையும் பாக்கணும். நெசமான ஆளுதானான்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் சாவியைக் குடுக்கணும்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஆளப் பாத்து ஆளத் தெரிஞ்சுக்கிட முடியுமாய்யா? எங்க வீட்டுக்காரரையே அவரு கார்டு போட்டோவுல பாத்தா எனக்கு அடையாளம் தெரியாது" என்றாள் மதினி.

அதற்குப் பதில் அடுத்த ஆனி மாதம் பெல்லில் இருந்து வந்தது.

சிவகாசியிலிருந்து குடும்பத்தோடு வந்த தட்சிணாமூர்த்தி என்பவர், வெள்ளைச் சட்டையும் பாங்க் மேனேஜர் முகமுமாய், படியேறிச் சுவிட்சை அழுத்தினார். "ஏல உருண்ட, சோறு ஆறுது பாரு, வெளாண்டது போதும், வாலே" என்று ஒரு பெண்ணின் குரல் வீட்டுக்குள்ளிருந்தும் வாசலிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டது. "இந்தா வாறேம்மா" என்று சொல்லி ஒரு காலை எடுத்து வைத்துவிட்டார் அந்த மனிதர். அப்புறம்தான் அவருக்குத் தன் அம்மா செத்துப்போனது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்படியே படியில் உட்கார்ந்து, பெண்டாட்டி பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதார். கதவைத் திறந்த மதினி கார்டைப் பார்த்தாள், படியில் கிடந்தவரைப் பார்த்தாள், "சரி, ஆளு நெசந்தான்" என்று சாவியைக் கொடுத்தாள்.

பெல் மாட்டிய எலக்ட்ரீசியன் தங்கப்பழம் வந்து கழற்றிப் பார்த்தான். உள்ளே இரண்டு ஒயரும் ஒரு சின்ன ஸ்பீக்கரும், நனைந்த எறும்புகளும் இருந்தன. எறும்பை ஊதிவிட்டு மறுபடி மாட்டி, சோதித்துப் பார்க்க அவனே அழுத்தினான். "எய்யா பழம், கருவாடு சுட்டு வச்சிருக்கேன்யா" என்றது பெல். "பெல்லு நல்லாத்தான் இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, மதினி நீட்டிய காபியைக்கூடக் குடிக்காமல், அம்மாவைப் பார்க்க நேரே ஆலங்குளம் பஸ் ஏறினான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. யார் விரல் அழுத்துகிறதோ அவரை, அவரைப் பெற்றவள் எந்தப் பேரைச் சொல்லி எந்தக் குரலில் சாப்பிடக் கூப்பிடுவாளோ, அந்தப் பேரையும் அந்தக் குரலையும் பெல் எடுத்து வீசும். கார்டில் இருக்கிற பேர் அல்ல, பள்ளிக்கூடத்தில் எழுதின பேர் அல்ல. வீட்டுப்பேர், யாருக்கும் சொல்லாமல் நாம் எல்லோருமே ஒளித்து வைத்திருக்கிற பேர். கார்த்திக் நரேன் என்ற கார்டோடு கூலிங் கிளாஸ் போட்டு வந்த ஒருவன் அழுத்தியபோது, "ஏய் கோயிந்து, மப்டி போலீசு டீக்கடையில நிக்கான், கொல்லப்பக்கமா வந்து ரெண்டு வாய் தின்னுட்டு ஓடிரு" என்று ஒரு தாய் பதறினாள். அவன் ஓடியே போனான், கூலிங் கிளாஸ் இன்னும் மதினி வீட்டு ஆணியில் தொங்குகிறது.

இதற்குப் பிறகு ஊர் அந்தப் பெல்லை விடுமா? மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் விருந்தாளிகளைப் பெட்டியும் படுக்கையுமாய் முதலில் இங்கே அனுப்பிவைத்தார்கள். "பெல் அடிச்சாச்சா?" என்பது எங்கள் ஊரில் "சாப்பிட்டாச்சா?" என்பதைப் போல ஆகிவிட்டது. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் மாப்பிள்ளையை அருவி காட்டுகிற சாக்கில் கூட்டிவந்து அழுத்தச் சொன்னார்கள். "குடிச்சது போதும், எழுந்திரிச்சு ஒரு வாய் சாப்பிட்டுப் படுடா" என்று பெல் ஒரு மாப்பிள்ளையைக் கெஞ்ச, பெண்வீட்டார் குளிக்காமலே ஊர் திரும்பினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் அரசாங்க முறைப்படி பரிசோதிக்க வந்து, அம்முக்குட்டி என்று அழைக்கப்பட்டு, போலீஸ்காரர்களை வரிசையாய் நிற்கவைத்து இதை வெளியில் பேசக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அருவிக்கு வராதவர்களும் வந்தார்கள். அம்மாவைப் பறிகொடுத்தவர்கள் நனைந்துகொண்டே தெருமுனைவரைக்கும் நின்று, ஒரு தடவை அழுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். மதினி அவர்களிடம் ஒன்றும் வாங்குவதில்லை; சீக்கிரம் அழுதுட்டு நகருங்க, பின்னால ஆளு நிக்குல்ல என்பாள்.

பெல் யாரையும் கைவிட்டதில்லை. வாய் பேசாத அம்மா வளர்த்த ஒரு கொத்தனார் பயந்து பயந்து அழுத்தினார். பெல்லில் இருந்து இரண்டு கைதட்டல் கேட்டது, அவர் சட்டென்று திரும்பினார். அம்மா யாரென்றே தெரியாமல் ஏதோ ஒரு விடுதியில் வளர்ந்த லாரி டிரைவரை, "எலே மூணாம் தட்டு, ஓடியா, குழம்பு தீரப் போகுது" என்று ஒரு சமையல்காரம்மா கூப்பிட்டாள். அவள் முகத்தையே மறந்திருந்த அந்த மனுஷன், பெல்லுக்குப் பக்கத்தில் சுவரைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றான். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் ஊரில் நாங்கள் ஒரு தீர்ப்புக்கு வந்தோம். கூப்பிட ஆளில்லாத மனுஷப்பிறவி கிடையாது. ஆகவே எவருக்கு இந்தப் பெல் பேசவில்லையோ அவர் நிஜமான ஆள் இல்லை. இந்தத் தீர்ப்பில் தப்பு எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மதினி அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள். முதலில் பெல் பேசவேண்டும், அப்புறம்தான் அவள் கதவுப்பக்கமே வருவாள்.

இப்போது மதினியின் நாக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவள் செம்பருத்தியைச் செம்பருத்தி என்று சொல்லமாட்டாள், அந்தச் சிவப்புப் பூ என்பாள். செம்பு என்ற வார்த்தை அவள் வாயில் வராது. "அந்தத் தண்ணி மொள்ளுறதை எடு" என்பாள். விருந்தாளிகள் செண்பகா அருவிக்கு வழி கேட்டால், மேலே ஒண்ணு இருக்கு, அதுவா என்று கையைக் காட்டுவாள். புதிதாய் வருகிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். தெருக்காரர்களுக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் நாங்களும் அவள் முன்னால் அந்த வார்த்தைகளைச் சுற்றிக்கொண்டுதான் போவோம்.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். ஒரே மகள். சீசனுக்கு வேன் ஓட்டிவந்த ஒரு பையனோடு, அவன் என்ன ஆட்கள், நாங்கள் என்ன ஆட்கள் என்ற கணக்கெல்லாம் பார்க்காமல், பதிவுத் திருமணம் செய்துகொண்டு பாதுகாப்புக் கேட்டு ஸ்டேஷனில் போய் நின்றாள். அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் பெற்றோரைக் கூப்பிட்டனுப்பினார். சங்கரலிங்கம் உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார், போனவள் மதினிதான். "பொண்ணோட பேரு, வயசு எல்லாம் சரிதானா? இது உங்க மகதானாம்மா? பாத்துச் சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். மகள் கழுத்தில் மஞ்சள் கயிறோடு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியில் வேப்பமரத்தடியில் புருஷன் நிற்கிறார், அவருக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் நாங்கள் நிற்கிறோம். மதினி தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்தப் பேருல எனக்கு யாரும் இல்லீங்க" என்றாள்.

அன்றோடு அந்தப் பேர் அந்த வீட்டை விட்டுப் போனது. இனிமேல் இங்கே எவரும் அதை எடுக்கக் கூடாது என்று சங்கரலிங்கம் சொன்னார். அவர் செத்த பிறகாவது அவள் எடுத்திருக்கலாம், தடுக்க யாரும் இல்லை. ஆனால் மூடிவைத்த வாய் பழகிப்போய்விட்டது. மனசுக்குள்ளாவது கூப்பிட்டிருப்பாள் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். மனசுக்குள் கூப்பிட்டால் வாய்க்கு வந்துவிடும் என்ற பயத்தில் அங்கேயும் கூப்பிடவில்லை என்று பின்னால் அவளே சொன்னாள்.

பெல் பேசத் தொடங்கியதற்கு அடுத்த சீசனில் ஆடி பிறந்த சமயம், மழையும் வெயிலும் மாறிமாறி அடித்த ஒரு மத்தியானம், தென்காசி ஸ்டாண்ட் ஆட்டோ ஒன்று எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. சாப்பாட்டு வேளையானதால் வாசலில் வரிசை இல்லை. கடைகளில் விற்கிற மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். கூடவே அதேபோல ஒரு கோட்டுக்குள் ஒரு சிறுமி. என் ஜன்னலுக்கு அவர்கள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பெண் கதவைத் தட்டவில்லை, குரல் கொடுக்கவில்லை. எல்லாரையும் போலப் பெல்லைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டுச் சுவிட்சை அழுத்தினாள்.

பெல் பேசவில்லை.

மறுபடி அழுத்தினாள். கரண்ட் இருந்தது, பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு நின்றாள். சுவிட்ச் டிக்கென்று அமுங்குகிற சத்தம் மட்டும் உள்ளே போயிருக்கிறது. உள்ளே சோற்றைப் போட்டு உட்கார்ந்திருந்த மதினி எழுந்திரிக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, தெரு முழுக்கக் கேட்கும்படி, "பெல்லு பேசல. பேரு இல்லாதவங்களுக்கு இங்க ரூம் கிடையாது, போங்க" என்றாள்.

அந்தப் பெண் கதவிலிருந்து நெற்றியை எடுத்தாள். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் அவள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டிருப்பாள் அடுப்படியில் இருந்தவள். ஆனால் அவள் பேசுவதற்காக வரவில்லை, கேட்பதற்காக வந்திருந்தாள், கேட்டும்விட்டாள். கோட்டின் தொப்பியை இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கி ஆட்டோவைப் பார்த்து நடந்தாள்.

சிறுமி பின்தங்கினாள். பெல்லைக் கண்டால் அழுத்தாமல் வரமுடியாத வயது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, எக்கி நின்று, சுவிட்சை ஒரு குத்துக் குத்திவிட்டு ஓடினாள்.

"ஏட்டி குழல்வாய்மொழி! சோறு ஆறுது, வாட்டி!"

உள்ளே மதினிக்குக் கேட்டது தன் பேர். ஊரில் அந்த முழுப்பேரைச் சொல்லி மதினியைக் கூப்பிட இன்றைக்கு யாரும் இல்லை. முதலில் தன் அம்மாதான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாளாம். வாயில் வைத்த கவளம் அப்படியே இருக்க, குரலை மறுபடி மனசில் ஓட்டிப் பார்த்தாளாம். வார்த்தைகள் அவளுடையவை, இந்த வீட்டு அடுப்படியில் நின்று எத்தனையோ மத்தியானங்களில் அவளே சொன்னவை. ஏட்டி என்பதை அவள் இழுக்கிற மாதிரியேதான் இழுத்தது. ஆனால் குரல் அவளுடையது இல்லை. பள்ளிக்கூடம் விட்டுவந்து எனக்கு இன்னும் ரெண்டு தோசை என்று கேட்ட குரல், ஸ்டேஷனில் வாய் திறக்காமல் நின்ற குரல். பேத்திக்குப் பாட்டியின் பேரை வைப்பதுதானே நம் பக்கத்து வழக்கம்! தன்னை இல்லையென்று சொன்னவளின் பேரைத் தன் பிள்ளைக்கு வைத்து, அந்தப் பேரை நாளும் பொழுதும் வாயாரக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் அந்தப் பெண்.

மதினி எச்சில் கையோடு கதவைத் திறந்தபோது ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு சாரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. மதினி வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் எந்தத் தாயும் செய்வதைத்தான் செய்யப் பார்த்தாள், கூப்பிடப் பார்த்தாள். நாக்கு எழும்பவில்லை. பேர் அவளுக்கு மறக்கவில்லை, தொண்டைவரைக்கும் வந்தது, வெளியே வரும் வழிதான் தூர்ந்துபோயிருந்தது. ஏ, ஏ என்ற வெறும் சத்தத்தோடு அவள் தெருவில் ஓடியதையும், முனையில் சகதியில் விழுந்ததையும் பார்த்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். எங்களுக்கும் அந்தப் பேர் தெரியும். எங்கள் வாயிலும் அது வரவில்லை.

ஆட்டோக்காரர் ரசாக்கைச் சாயங்காலமே தேடிப் பிடித்தோம். ரயில்வே ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன், எந்த வண்டியில் ஏறினார்களோ தெரியாது என்றார். "வழியெல்லாம் அந்தப் பிள்ளை கேட்டுக்கிட்டே வந்துச்சும்மா, 'அந்த வீட்டுப் பெல்லு என் பேரைச் சொல்லுச்சே, ஏம்மா'ன்னு. மழையும் ஆட்டோ சத்தமுமா அவங்களுக்குக் கேக்கல போல, நம்பல. 'சும்மா சொல்லாத, அந்தப் பெல்லு யார் பேரையும் சொல்லாது'ன்னாங்க."

மதினி அதைக் கேட்டுவிட்டு ரசாக்குக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். பிறகுதான் உட்கார்ந்து அழுதாள். "செத்துப்போன தாயெல்லாம் விடாம கூப்பிட்டுக்கிட்டு இருக்காவளே, உசுரோட இருக்கிற நான் நிறுத்திட்டேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

எங்கே போய்த் தேடுவது? அந்த வேன்காரப் பையனின் சொந்த ஊரில் விசாரித்தால், அவர்கள் எப்போதோ இடம் மாறிவிட்டார்கள் என்றார்கள். போலீஸில் சொல்லப் போனால், மகள் பேரும் அடையாளமும் சொல்லுங்கம்மா என்று அதே மேஜைக்கு முன்னால் நிற்கவைத்துக் கேட்டார்கள். மதினி ஒரு தாளை வாங்கி எழுதிக் காட்டினாள், வாயால் சொல்ல அப்போதும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து வாசல் கதவைக் கழற்றினாள். ஜெபராஜ் கழற்றியதைவிடச் சுலபமாகக் கழற்றி, பின்பக்கம் மழையில் சாய்த்துவைத்தாள். இப்போது எவர் வந்தாலும் அறை உண்டு. கார்டு வாங்கவேண்டும் என்பது சட்டம் என்பதால் வாங்குவாள், அதைப் பார்க்கமாட்டாள், முகத்தைப் பார்ப்பாள். பிறகு நாக்கைப் பழக்கினாள். ஒரு கைப்பிள்ளையைப் பழக்குகிற மாதிரிதான். முதலில் செம்பு. அதற்கே ஒரு பருவமழை போயிற்று. பிறகு செம்பருத்தி, செம்மண், செண்பகா அருவி. வழி கேட்காத விருந்தாளிகளுக்கும் செண்பகா அருவிக்கு வழி சொன்னாள். கார்த்திகைத் தூறலில் ஒரு மத்தியானம், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டிலிருந்து, உடைந்து, பாதி காற்றாய், அது வந்தது.

"செம்பா... ஏட்டி செம்பா! சோறு ஆறுது, வாட்டி!"

செண்பகவல்லி என்பது பள்ளிக்கூடப் பேர். வீட்டில் செம்பா.

அன்றிலிருந்து ஒரு மத்தியானம் தவறியதில்லை. சோறு வடித்ததும் கதவில்லாத வாசலில் வந்து நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவாள். மாடியில் இருக்கிற விருந்தாளிகள் எட்டிப் பார்ப்பார்கள், யாரோ ஒரு பிள்ளை விளையாட்டில் லயித்துப்போய் வரமாட்டேன் என்கிறது போல என்று நினைத்துக்கொள்வார்கள். பெல் பழையபடி எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. செம்பா வந்து அழுத்தினால் இப்போது பேசுமா என்று யாராலும் சோதித்துச் சொல்லமுடியாது. நாம் அழுத்தினால் நம் பேரைத்தான் சொல்லும். அவள் வந்தால்தான் தெரியும். யார் பேரையும் சொல்லாத பெல் என்று நினைத்துக்கொண்டு போனவள் எதற்காக மறுபடி வருவாள் என்று நான் மதினியிடம் கேட்டதில்லை.

போன மாதம் தங்கப்பழம் வந்திருந்தான். சாரல் குடித்துக் குடித்துப் பெல்லின் குரல் கரகரத்துப் போயிருந்தது. கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"உள்ள எல்லாம் துருவேறிப் போச்சுக்கா. இன்னைக்கோ நாளைக்கோ நின்னுரும். புதுசு ஒண்ணு கொண்டாந்திருக்கேன், மாட்டிருதேன்."

மதினி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, பழைய பெல்லின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா, மாத்திராத. இம்புட்டு நாளா நான் கூப்பிட்டதெல்லாம் அதுக்குள்ளதான கிடக்கு."

தங்கப்பழம் கழற்றிய திருகாணிகளை மறுபடி முடுக்கினான். புதுப் பெல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பழைய சுவிட்சில் கை பட்டு ஒரு தடவைகூட வீணாகிவிடாதபடி ஒதுங்கிப் படியிறங்கிப் போனான்.